சுற்றுக் கணக்கு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
எரிந்த மோட்டாருக்குப் புதுக் குடல் சுற்றுகிறவள் நான்.
ஒரு ஸ்லாட்டுக்கு அறுபத்திரண்டு சுற்று.
அறுபத்தொன்றில் விட்டால்
மோட்டாரே காட்டிக்கொடுத்துவிடும்.

தேச்சம்மா கேட்டு வந்தது பழைய செம்புக் கம்பி.
"எரித்த கம்பிதான் வேணும் ஜெசிந்தா,
எரித்ததுதான் வளையும்."
எனக்கா தெரியாது?
எனாமல் கருகி உதிர
நெருப்பில் கிடந்து சிவந்த செம்பு
ஆறினால் நூல் மாதிரி.
வளைத்த இடத்தில் முறுக்கேறி நின்றுகொள்ளும்.
இரண்டாம் தரம் சொன்னால் கேட்காது.

அரைக்கிலோவுக்குப் பாதி காசு,
மீதிக்கு ஒரு செடி.
ஓக், என்றாள்.
ரோட்டோரம் நிற்கிறதே, சில்வர் ஓக்கா?
அது பேருக்கு ஓக், இது பிறப்பால், என்றாள்.
முசூரி மலையில் அவள் பொறுக்கிய ஐந்து கொட்டையில்
நாலு அழுகிவிட்டன.
மேலே ஒரு சாண் தண்டு.
பையிலிருந்து உருவினால்
கீழே இரண்டு சாண் வேர், ஒற்றை வேர்,
யாரிடமோ சேதி சொல்ல ஓடுவதுபோல்.

அதைத்தான் முதலில் வெட்டணும், என்றாள்.
வெட்டினேன்.
பழைய வார்னிஷ் தட்டில் ஓட்டை போட்டு
செங்கல் பொடி நிரப்பி நட்டேன்.
ஒரு வாரம்
வாடுகிறதா என்று பார்க்க
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஏணி வைத்தேன்.
வாடவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.

மலையில் இருந்தால் அறுபது அடி போயிருக்கும்.
இங்கே ஒரு முழம்,
அதுவும் என் தயவில்.
என் தயவு என்று சொல்வதும் சரியில்லை.
கிறிஸ்துமசுக்குத் தங்கவயல் போனவள்
மாலை வண்டியிலேயே திரும்பினேன்,
தட்டு காய்ந்துவிடும் என்று.

மூன்றாம் வருஷம் கம்பி கட்டினேன்.
தண்டுக்குப் பன்னிரண்டு கேஜ், கிளைக்குப் பதினாறு.
நூருல்லா எட்டிப் பார்த்து
"இதுக்குக் கனெக்‌ஷன் எங்கே அக்கா?" என்றான்.
இடக்கிளையைக் கிழக்கே இழுத்தேன்,
வலக்கிளையைத் தாழ்த்தினேன்,
உச்சியை மட்டும் லேசாகத் திருப்பினேன்,
யாரோ கூப்பிட்டுத் திரும்பினதுபோல்.
கட்டி முடித்தபோது
நான் கேட்காமலே கை எண்ணி வைத்திருந்தது:
நூற்றுப் பதினான்கு சுற்று.

அப்புறம் மழை.
அபார்ட்மெண்ட் அடித்தளமெல்லாம் குளமாகி
மூழ்கின பம்புகள் வாசல்வரை வரிசையில்.
ராத்திரி ஒரு மணிவரை சுற்றினேன்.
நான் மறந்த அந்த மழையில்தான்
அது தடித்தது.

ஏழாம் வாரம் ஏறிப் பார்த்தேன்.
கம்பி பாதி வெளியே, பாதி பட்டைக்குள்.
எது எதைத் தின்றது, தெரியவில்லை.

கம்பியை வெட்டி எடு, பிரிக்காதே என்று
தேச்சம்மா அன்றே சொல்லியிருந்தாள்.
ஆனால் செம்பு கிலோ எண்ணூறு.
இருபத்திரண்டு வருஷமாய்
ஓர் அங்குலம் வீணாக்காத விரல் இது.
பிரித்தேன்,
பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே.
எழுபத்தாறில்
டிக்.
இடக்கிளை என் கையில்.

ரொம்பச் சின்னச் சத்தம்.
ஸ்லாட்டுக்குள் தாள் கிழிந்தால்
பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காதே, அந்த அளவு.

மிச்சத்தை நறுக்கினேன், சுற்றுக்கு ஒரு வெட்டு.
துண்டுகளைத் தராசில் போட்டேன்.
எழுபது கிராம்.
ஐம்பத்தாறு ரூபாய்.

தண்டில் இப்போது சுருள் சுருளாய் வடு.
தேச்சம்மா போட்டோ கேட்கிறாள்,
நாளைக்கு, நாளைக்கு என்கிறேன்.

பிப்ரவரியில்
ஒடிந்த இடத்துக்குக் கீழே இரண்டு மொட்டு.
நான் இழுத்த கிழக்கே அல்ல,
மெட்ரோ பாலம் பார்த்து.
ஒன்றைக் கிள்ளணும்.
எதை என்று கை சொல்லவில்லை.
தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு இறங்கினேன்.

கீழே திறந்து கிடந்தது ஐந்து எச்.பி. மோட்டார்.
எந்தச் சுற்றில் விட்டுப்போனேன்?
முதலிலிருந்து பிரித்து
ஒன்று.